தம் கட்டும் கணக்கு

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் கூட நீருக்கடியில் இருந்தார்கள் என்று பழைய பயணிகள் சிலர் எழுதிவைத்துப் போனார்கள். பல பருவங்கள் பக்கத்திலிருந்து பார்த்தவரின் கணக்கு வேறு. இலங்கை முத்துப்பார்களின் கண்காணிப்பாளராக இருந்த கேப்டன் ஸ்டூவர்ட் சொன்னதை, 1859இல் வெளியான தம் இலங்கை நூலில் எமர்சன் டென்னன்ட் பதிவு செய்திருக்கிறார். 87 நொடிக்கு மேல் எவரும் உள்ளே இருந்து ஸ்டூவர்ட் பார்த்ததில்லை. 13 பாகத்துக்கு மேல் ஆழம் போனவரும் இல்லை. அன்றாட வேலையில், 9 பாக ஆழத்தில், 55 நொடியைத் தாண்டுவதே அபூர்வம். ஒரு பாகம் ஆறடி என்றால் 9 பாகம் ஏறக்குறைய 16 மீட்டர்.

தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் மன்னாரிலும் பிறந்து, சின்ன வயதிலேயே கடலில் இறங்கி, குளிப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் அளவு இது. 1905இல் இலங்கையில் நடந்த பெரிய சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அவ்வளவும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிட மூச்சுகளில் மேலே வந்தவைதான். மூச்சடக்கும் நேரத்தை நீட்ட நினைக்கும் எவரும் முதலில் யோசிக்க வேண்டியது இதை. இதைவிட நீண்ட நேரம் தம் கட்டக்கூடியவர்கள் அவர்களிடையே இருந்திருப்பார்கள். ஆனாலும் வேலையில் 55 நொடியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஏன்?

அவர்கள் வேலை செய்த முறையைப் பார்த்தால் விடை தெரியும். கயிற்றில் கட்டிய கனமான கல்லின் மேல் காலை வைத்து, ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் மூக்கையும் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அரபு நாட்டிலிருந்து வந்த குளியாட்கள் மூக்குக்குக் கொம்பில் செய்த கவ்வி மாட்டியிருந்தார்கள், நம்மவர்களுக்குக் கைதான். கல் இழுத்துக்கொண்டு போவதால் இறங்குவதற்குக் காலை உதைக்க வேண்டியதில்லை. தரையைத் தொட்டதும் மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். குளியாள் சிப்பிகளைக் கூடையில் அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டுவார். உடனே மேலே இழுத்துவிடுவார்கள். ஏறுவதற்கும் சக்தி பெரிதாகச் செலவில்லை. ஒரு கல்லுக்கு இரண்டு பேர். ஒருவர் உள்ளே இருக்கையில் மற்றவர் படகோரத்தில் மூச்சு வாங்குவார். கயிற்றைப் பிடித்திருப்பவர் வேறு எதையும் கவனிக்க மாட்டார். இந்த ஏற்பாட்டில் என் பெரிய மரியாதை அந்தக் கயிற்றுக்காரர் மேல்தான்.

இனி உடம்பின் கணக்குக்கு வருவோம். முழுக்க மூச்சிழுத்த ஒரு வளர்ந்த ஆளின் நுரையீரல், இரத்தம், தசை எல்லாவற்றிலும் சேர்த்து ஏறக்குறைய 2 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். அதில் கடைசிச் சொட்டு வரை செலவழிக்க முடியாது. பாதியை எட்டும்போதே மூளை தடுமாறத் தொடங்கிவிடும். சும்மா படுத்திருந்தால் நிமிடத்துக்குக் கால் லிட்டர் போதும். காலை உதைத்து நீந்தினால் ஒரு லிட்டரோ அதற்கு மேலோ வேண்டும். அதே மனிதர், அதே நுரையீரல். பாயில் படுத்து மூன்று நிமிடம் தம் கட்டுபவர் மீனைத் துரத்தினால் முக்கால் நிமிடத்தில் தவித்துப்போவார். கல்லும் கயிறும் செய்த வேலை இந்தச் செலவைக் குறைத்ததுதான்.

தவிப்பு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் மூச்சு முட்டுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் முட்டுவது கரியமில வாயு சேர்வதால். இரத்தத்தில் அதன் அழுத்தம் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். தம் கட்டினால் அது ஏறுகிறது. 50ஐ நெருங்கும்போது மூளைத்தண்டிலுள்ள உணர்விகள் மூச்சு விடு, மூச்சு விடு என்று அடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறைவதைக் கவனிக்கக் கழுத்துத் தமனியில் தனி உணர்விகள் உண்டு. ஆனால் அவை தாமதமாகத்தான் உரக்கப் பேசும். குக்கர் விசில் அடிப்பது உள்ளே அழுத்தம் ஏறியதைத்தான் சொல்லும். சிலிண்டரில் எரிவாயு எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்லாது. மூச்சு முட்டுவதும் அப்படித்தான்.

தம் கட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் படிகள் தெரியும். முதலில் ஒரு சுகமான அமைதி. பிறகு தொண்டையில் ஒரு நெருடல், எச்சில் விழுங்கத் தோன்றும். அப்புறம் மார்புக்குக் கீழே உதரவிதானம் தானாகவே வெட்டி வெட்டி இழுக்கும். பயிற்சி இல்லாதவர் முதல் வெட்டிலேயே வாயைத் திறந்துவிடுவார். பழகியவருக்கு அது எச்சரிக்கை மட்டும். கையிருப்பு இன்னும் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நேரத்தை நீட்டும் பயிற்சியின் பெரும்பகுதி, இந்த வெட்டல்களின்போது தோளையும் தாடையையும் வயிற்றையும் இறுக்காமல் வைத்திருக்கப் பழகுவதுதான். பயந்து இறுகிய தசை ஆக்சிஜனைத் தின்கிறது.

இதையெல்லாம் கடலே இல்லாத ஊர்க்காரர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டர் சுற்றுகிறவர்கள் மலைக்கு மேற்கே அடி அண்ணாமலையைக் கடக்கிறார்கள். கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி. ஆனால் மூச்சை அடக்குவது பற்றி இந்த மலையடிவாரத்தில் பேசப்பட்ட அளவுக்குத் தமிழ்நாட்டில் வேறெங்கும் பேசியிருப்பார்களா தெரியாது. ரமணர் தம் 'நான் யார்?' நூலில் மூச்சடக்கத்தைப் பற்றித் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: மூச்சு அடங்கியிருக்கும் வரை மனமும் அடங்கியிருக்கும், மூச்சு வெளிப்பட்டதும் மனமும் வெளிப்படும், ஆகவே அது ஒரு துணைக் கருவி மட்டுமே என்பது அவர் நிலை. திருமூலர் கணக்கே கொடுத்திருக்கிறார். மூச்சை இழுக்கும் பூரகம் 16 மாத்திரை, அடக்கும் கும்பகம் 64, விடும் இரேசகம் 32. ஒரு மாத்திரையை எவ்வளவு இழுத்தாலும் ஒரு நொடிக்கு மேல் போகாது. அப்படிப் பார்த்தால் திருமூலரின் கும்பகம் 64 நொடியைத் தாண்டவில்லை. முத்துக் குளித்தவரின் 55 நொடியும் அதே வட்டாரத்தில்தான் நிற்கிறது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய, உடம்பைக் கெடுக்காத அளவு எது என்று இரு தரப்பும் அனுபவத்தில் கண்டுகொண்டதாகவே எனக்குப் படுகிறது.

கும்பகத்துக்கும் குளிப்பதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தரையில் உட்கார்ந்து தம் கட்டியவர் எல்லை மீறி மயங்கினால் உடம்பு தானே மூச்சை இழுத்துக்கொள்ளும், நினைவு திரும்பிவிடும். தண்ணீருக்குள் மயங்கினால் உடம்பு இழுப்பது தண்ணீரை.

இங்கேதான் கிணறு வருகிறது. சித்திரை, வைகாசியில் வடாற்காட்டுப் பக்கத்து விவசாயக் கிணறுகளில் பையன்கள் செய்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மோட்டார் மேடையிலிருந்து குதிப்பது, அடியில் போட்ட கல்லை முங்கி எடுப்பது, யார் அதிக நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்று பந்தயம் கட்டுவது. பந்தயத்தில் ஜெயிக்க நினைக்கிற பையன், முங்குவதற்கு முன் புஸ் புஸ் என்று இருபது முப்பது தடவை வேகமாக மூச்சு வாங்குவான். காற்றைச் சேர்த்துவைப்பதாக அவன் நினைப்பு. சேர்வது மிகக் கொஞ்சம். அமைதியாக மூச்சு விடும்போதே இரத்தத்தின் ஹீமோகுளோபின் 97, 98 சதவீதம் நிறைந்துதான் இருக்கிறது. வேகமூச்சு செய்யும் உண்மையான வேலை கரியமில வாயுவைக் கழுவி வெளியேற்றுவது. 40இல் இருந்த அழுத்தம் 20, 25 வரைகூட இறங்கிவிடும். முங்கிய பிறகு அது மீண்டும் ஏறி எச்சரிக்கை அளவைத் தொடுவதற்குள் ஆக்சிஜன் முடிந்துவிடுகிறது. பையனுக்கு மூச்சு முட்டவே இல்லை. சுகமாக இருக்கிறது, இன்னும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. அதே சுகத்தில் நினைவு போய்விடுகிறது. தத்தளிப்பில்லை, கையசைப்பில்லை, சத்தமில்லை. மேலே நிற்கிற நண்பர்கள் அவன் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நினைப்பார்கள்.

அமெரிக்க உடலியலாளர் ஆல்பர்ட் கிரெய்க் 1961இல் இதை விளக்கி எழுதினார். அவர் ஆராய்ந்த சம்பவங்களில் சிக்கியவர்கள் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள். நீந்தத் தெரியாதவன் ஆழத்துக்குப் பயந்து விலகிவிடுகிறான். இந்த ஆபத்து தேர்ந்தவனைத்தான் தேடி வருகிறது. திருவண்ணாமலையில் யோகா கற்றுக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமூச்சுகளைத் தரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றைச் செய்துவிட்டுக் குளத்திலோ நீச்சல்குளத்திலோ முங்கினால், நடப்பது மேலே சொன்னதேதான்.

ஆழமில்லாத தண்ணீர் என்றால் பயமில்லை என்ற நம்பிக்கையும் தவறு. 5 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு. நுரையீரல் சுருங்கி, உள்ளிருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் அதே விகிதத்தில் கூடியிருக்கும். அங்கே அது 40 மில்லிமீட்டருக்கு இறங்கியிருந்தாலும் மூளை விழித்திருக்கும். ஈட்டியோடு மீன் குத்த முங்கியவர் இன்னும் ஒரு மீனுக்குக் குறி பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மேலே ஏற ஏற நுரையீரல் விரிகிறது, 40 என்பது 27க்கு விழுகிறது. 30க்குக் கீழே நினைவு நிற்பது கடினம். அதனால்தான் பல மயக்கங்கள் அடியில் நிகழ்வதில்லை. நீர்மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் கீழேயும், மேலே வந்து முதல் மூச்சு இழுத்த சில நொடிகளுக்குள்ளும் நிகழ்கின்றன. தலை வெளியே தெரிந்துவிட்டது என்று துணையாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. அரை நிமிடமாவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உடம்பும் நமக்குச் சாதகமாகச் சில வேலைகள் செய்கிறது. மூச்சை நிறுத்தி முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால், நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் உள்ள நரம்புகள் செய்தி அனுப்பி நாடித் துடிப்பைக் குறைக்கின்றன. கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. மண்ணீரல் சுருங்கித் தன்னிடமுள்ள சிவப்பணுக்களை ஓட்டத்தில் விடுகிறது. இந்த மூன்றாவது வேலை ஒரே முழுக்கில் முழுதாக நடப்பதில்லை. சில நிமிட இடைவெளிகளில் மூன்று நான்கு முறை தம் கட்டிய பிறகே கைகொடுக்கிறது. முதல் முழுக்கைவிட நான்காவது முழுக்கு எளிதாகப்படுவதற்கு இது ஒரு காரணம்.

மண்ணீரலைப் பற்றிய அருமையான செய்தி தென்கிழக்காசியாவின் பஜாவ் மக்களிடமிருந்து வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூச்சடக்கி ஈட்டியால் மீன் குத்தி வாழ்பவர்கள் அவர்கள். மெலிசா இலார்டோவும் சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்தில் நிலத்தில் வாழும் சலுவான் மக்களுடையதைவிட ஏறக்குறைய 50 சதவீதம் பெரிதாக இருந்தது. கடலில் குளிக்காத பஜாவ்களுக்கும் அப்படியே. ஆகவே அது பயிற்சியால் மட்டும் வந்ததாக இருக்க முடியாது. மரபணுவிலும் வேறுபாடு தெரிந்தது. இதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அதே மக்களிடம் 2011இல் வெளியான இன்னோர் அளவீடு. வேலை நேரத்தில் 60 சதவீதத்தை நீருக்குள் கழிக்கும் இந்த வேட்டைக்காரர்கள் ஒரு முழுக்கில் இருந்தது சராசரியாக அரை நிமிடத்துக்கும் குறைவு. ஆழம் 5 முதல் 7 மீட்டர். உலகின் சிறந்த ஆழமில்லாக் கடல் வேட்டைக்காரர்களின் வேலை நேரமே இவ்வளவுதான்! போட்டியில் அசையாமல் மிதந்து 11 நிமிடம் 35 நொடி தம் கட்டிய பிரெஞ்சுக்காரர் ஸ்டீஃபன் மிஃப்சூதின் 2009ஆம் ஆண்டுச் சாதனை வேறு வகைக் கலை. மீன் குத்துவதற்கு அது தேவையில்லை.

அப்படியானால் பயிற்சி எதற்கு? அந்த அரை நிமிடத்தையும் முக்கால் நிமிடத்தையும் பதற்றமில்லாமல் கழிப்பதற்கு. கையிருப்பில் பாதியைத் தொடாமலே மேலே வருவதற்கு.

பயிற்சியின் முக்கால் பங்கு தரையில். வெறும் வயிற்றில், பாயில் மல்லாந்து படுத்து, இரண்டு நிமிடம் வயிறு ஏறி இறங்க நிதானமாக மூச்சு விடுங்கள். வேகம் கூடவே கூடாது. பிறகு ஒரு முழு மூச்சு இழுத்து நிறுத்துங்கள். உங்கள் அதிகபட்சம் இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். கரியமில வாயுவுக்குப் பழகும் பயிற்சியில் அதில் பாதியை, அதாவது ஒரு நிமிடத்தை, எட்டு முறை பிடிக்க வேண்டும். மாற வேண்டியது இடையில் எடுக்கும் ஓய்வு: முதலில் இரண்டு நிமிடம், அடுத்து ஒன்றேமுக்கால், பிறகு ஒன்றரை என்று ஒவ்வொரு சுற்றிலும் 15 நொடி குறைத்து, கடைசி ஓய்வை அரை நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். ஓய்வு குறையக் குறைய வாயு முழுதாக வெளியேறாமல் மிச்சம் தங்கும். மூளை அதைச் சகிக்கப் பழகும். இன்னொரு நாள் ஓய்வை இரண்டு நிமிடமாகவே வைத்துக்கொண்டு பிடிக்கும் நேரத்தைச் சுற்றுக்குச் சுற்று கூட்டலாம். அதிகபட்சத்தில் 80 சதவீதத்தோடு நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே கூடாது. நம்மூர் சடுகுடுவும் நல்ல துணைப் பயிற்சிதான். பாடிக்கொண்டே ஓடும்போது மூச்சு முட்டுவதைத் தாங்கவும் அந்த நேரத்தில் நிதானமாக முடிவெடுக்கவும் அது பழக்குகிறது. விழுந்தாலும் மண்ணில்தான் விழுகிறோம்.

தண்ணீரில் இறங்கிய பின் முதலில் கவனம் கேட்பது காதுதான். இரண்டு மூன்று மீட்டரிலேயே செவிப்பறை உள்நோக்கி அழுந்தி வலிக்கும். வலி தொடங்குமுன்பே மூக்கைப் பொத்தி மெதுவாக அழுத்திக் காதைச் சமன்செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்காமல் இருப்பதே நல்லது. மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடியோடு ஆழம் போனால் உள்ளிருக்கும் காற்றைச் சமன்செய்ய வழியில்லாமல் கண்ணில் இரத்தம் கட்டும். மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடி வேண்டும். இடுப்பில் கட்டும் ஈயத்தைக் கூடுதலாகக் கட்டாதீர்கள். மூச்சை வெளியேற்றிய பிறகும் உடம்பு மிதக்க வேண்டும். இரண்டு முழுக்குகளுக்கு நடுவில், உள்ளே இருந்ததைப்போல் இருமடங்கு நேரமாவது மேலே ஓய்வெடுங்கள். பஜாவ்கள் இதைவிடக் குறைவாகத்தான் எடுக்கிறார்கள். அவர்கள் அளவு நமக்குப் பொருந்தாது. இருவராகப் போய், ஒருவர் உள்ளே என்றால் மற்றவர் மேலே. இது நம் முத்துக்குளியாட்களின் இரண்டு பேருக்கு ஒரு கல் என்ற பழைய ஏற்பாடேதான். மயங்கியவரை உடனே மேலே கொண்டுவந்து, முகமூடியைக் கழற்றி, வாயும் மூக்கும் நீருக்கு வெளியே இருக்கப் பிடித்து, மூச்சு வராவிட்டால் வாயில் ஊதினால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார். நான்கைந்து நிமிடம் தாமதித்தால் மூளை தாங்காது.

தமிழகத்தில் முத்துச் சலாபம் 1961க்குப் பிறகு நடக்கவில்லை. சங்கு குளிப்பவர்களில் பலர் கம்ப்ரசர் குழாயில் வரும் காற்றை நம்பி இறங்குகிறார்கள். அதன் ஆபத்தும் விதிகளும் வேறு. அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் ஏறும்போது மூச்சை அடக்கினால் நுரையீரலே கிழியும். வெறும் மூச்சை நம்பி இன்றும் வேலை செய்பவர்கள் என்றால் இராமநாதபுரம் கரையில் கடல்பாசி எடுக்கும் பெண்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டி, ஆழமில்லாத பாறைகளிடையே மணிக்கணக்கில் முங்கி முங்கி எழுகிறார்கள். கூட்டமாகவே போய்க் கூட்டமாகவே திரும்புகிறார்கள். பாசியை வேரோடு பிடுங்காமல், மாதத்தின் சில நாட்களில் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்ததற்காக அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் பன்னாட்டு அமைப்பான சீகாலஜியின் விருது கிடைத்தது. நியாயமாகப் பார்த்தால், மூச்சடக்கக் கற்க விரும்புகிறவர்கள் தேடிப்போக வேண்டிய ஆசிரியர்கள் இவர்கள். அந்தப் பக்கம் ஈட்டியோடு போக நினைப்பவர்கள், 21 தீவுகளைச் சுற்றிய கடற்பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா என்பதையும், அங்கே வேட்டை குற்றம் என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

அடி அண்ணாமலையிலும் சுற்று வட்டாரத்திலும் கிணறு வைத்திருப்பவர்களுக்கும், பிள்ளைகளைக் கிணற்றுக்கு அனுப்புகிற பெற்றோருக்கும் கேட்டுக்கொள்வது இதுதான். முங்குவதற்கு முன் வேகமாக மூச்சு வாங்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். யார் அதிக நேரம் என்ற பந்தயம் தண்ணீரில் வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்து நடத்தட்டும். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கயிறும் காற்றடைத்த டியூபும் கையில் வைத்துக்கொண்டு மேலே நிற்கட்டும். முங்கிய பிள்ளையின் தலை முப்பது எண்ணுவதற்குள் தெரியாவிட்டால், விளையாடுகிறான் என்று காத்திருக்காமல் இறங்கிவிடட்டும்.